கணவருக்குத் தெரியாமல் மூன்று கார்டில் மூன்று லட்சம்: கைது வருமா, வழி உண்டா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 39. பனியன் கம்பெனி ஒன்றில் அக்கவுன்ட்ஸ் வேலை, கைக்கு வரும் சம்பளம் ரூ.34,000. கணவர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். வீட்டுச் செலவுக்கு மாதம் ரூ.18,000 தருகிறார். பத்தாவது படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன், கூடவே மாமியார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாமனாரை கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது, அட்வான்ஸ் கட்டப் பணமில்லாமல் தன் கிரெடிட் கார்டைத் தேய்த்திருக்கிறார். மாமனார் பிழைக்கவில்லை, கடன் மட்டும் மிஞ்சியது. அதை அடைக்க இரண்டாவது கார்டு, இரண்டாவதைச் சமாளிக்க மூன்றாவது.

இன்றைய நிலவரம்: முதல் கார்டில் ரூ.1,62,000, இரண்டாவதில் ரூ.94,000, மூன்றாவதில் ரூ.48,000. தனிநபர் கடன் பாக்கி சுமார் ரூ.1,37,000, மாதம் ரூ.6,200 வீதம் இன்னும் 26 தவணை. மகளுக்கு வாங்கிய போனுக்கு ரூ.2,150 வீதம் ஐந்து தவணை. இவற்றோடு பதிவு பெற்ற நிறுவனத்தில் மாதம் ரூ.5,000 கட்டும் ஒரு லட்ச ரூபாய் சீட்டு; இருபது மாதத்தில் பன்னிரண்டு கட்டியாகிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. கடனைப் பற்றிக் கணவருக்கு எதுவும் தெரியாது.

மூன்றாவது கார்டுக்கு இரண்டு மாதமாகப் பணம் கட்ட முடியவில்லை. ஏஜென்ட் ஒருவர் அலுவலக லேண்ட்லைனுக்கே போன் செய்து, “வாரண்ட் ரெடியா இருக்கு” என்றிருக்கிறார். ரூ.22,000 கொடுத்தால் முடித்துவிடலாம், தன் கூகுள் பே எண்ணுக்கு அனுப்புங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். வழக்கறிஞர் முத்திரையோடு ஒரு நோட்டீஸ் படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. வாசகியின் தம்பி, “பேசாம ஐ.பி. கொடுத்துடுக்கா” என்கிறார், அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் நொடிப்பு மனு போடச் சொல்கிறார். தோழி ஒருவர், 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது சட்டவிரோதம், கட்டவே வேண்டாம் என்கிறார். கடிதம் இப்படி முடிகிறது: “என்னை மாதிரி இவ்வளவு கடன் வைத்திருப்பவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா மேடம்? மற்றவர்களெல்லாம் எவ்வளவு வைத்திருப்பார்கள்? சில ராத்திரி எல்லாவற்றையும் விட்டுப் போய்விடலாமா என்று தோன்றுகிறது.”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். “போய்விடலாமா” என்று நீங்கள் எழுதியது எந்த அர்த்தத்தில் என்று எனக்குத் தெரியாது. உயிரை விடும் எண்ணம் அதில் கொஞ்சமாவது இருந்தால், இதற்கு மேல் படிப்பதற்கு முன் 14416 என்ற எண்ணையோ, தமிழக அரசின் 104 எண்ணையோ அழைத்துப் பேசுங்கள். இரண்டும் கட்டணமில்லாதவை, தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும் அழைக்கலாம். உங்கள் கணக்கை நான் வரிவரியாகப் போட்டுப் பார்த்தேன். இது தீர்க்கக்கூடிய கடன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, கணக்கைக் கீழே எழுதியிருக்கிறேன், நீங்களே அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு எவ்வளவு இருக்கிறது?

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நிதி நிலைத்தன்மை அறிக்கையின்படி, கடன் வாங்கிய ஒரு தனிநபரின் சராசரிக் கடன் 2023 மார்ச்சில் ரூ.3.9 லட்சமாக இருந்து, 2025 மார்ச்சில் ரூ.4.8 லட்சமாகியிருக்கிறது. உங்கள் மொத்தக் கடன் சுமார் ரூ.4,52,000. அதாவது சராசரியைவிடக் கொஞ்சம் குறைவு. வீடுகளின் கடனில் பாதிக்கு மேல் இப்போது வீட்டுக்கடன் அல்லாத சில்லறைக் கடன்தான் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே நீங்கள் தனியாள் இல்லை. உங்கள் அலுவலகத்தில், உங்கள் தெருவில், இதே தவிப்போடு ஸ்டேட்மென்டை மறைத்து வைத்திருப்பவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சராசரியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியடைய வேண்டாம். வீட்டுக்கடன் வைத்திருப்பவர்களும் அந்த ரூ.4.8 லட்சத்துக்குள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டுவது ஒன்பது, பத்து சதவீத வட்டி; கடைசியில் வீடு மிஞ்சும். கார்டை மட்டும் எடுத்தால் படம் வேறு. 2025 மார்ச்சில் நாட்டில் சுமார் 11 கோடி கிரெடிட் கார்டுகள், அவற்றில் ரூ.2.8 லட்சம் கோடிக்கு மேல் நிலுவை. வகுத்தால் ஒரு கார்டுக்கு ரூ.26,000 அளவில்தான் வரும். உங்கள் மூன்று கார்டில் ரூ.3,04,000. இந்த எண்ணைப் பார்த்துக் குன்றிப்போகவும் வேண்டாம், ஏனென்றால் டியூ தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டிவிடுபவர்களின் பில்லும் அதில் கலந்திருக்கிறது. ஒரு சராசரி உங்களைத் தட்டிக்கொடுக்கிறது, இன்னொன்று திட்டுகிறது. இரண்டுமே உங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்வது, மாதம் உங்கள் கையில் மிஞ்சுவது எவ்வளவு, வட்டியாகப் போவது எவ்வளவு என்ற இரண்டு தொகைகள்தான்.

உங்கள் கணக்கு

மூன்று கார்டுகளுக்கும் மாதம் 3.75 சதவீத வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பேச்சில் இது மூன்றே முக்கால் வட்டி. வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் கிட்டத்தட்ட நாலரை வட்டி ஆகிவிடுகிறது. தெருவில் ஒருவர் நாலரை வட்டிக்குக் கொடுக்கிறேன் என்று வந்தால் நீங்கள் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

ரூ.3,04,000க்கு ஒரு மாத வட்டி ரூ.11,400. அதன் மேல் ஜிஎஸ்டி ரூ.2,052. ஆக ரூ.13,452. மூன்று கார்டுக்கும் சேர்த்து உங்கள் மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை, சுமார் ரூ.15,200. அதை ஒழுங்காகக் கட்டினாலும் அசலில் குறைவது ரூ.1,748 மட்டும். “மாசாமாசம் பதினைந்தாயிரம் கட்டுகிறேன், கடன் அப்படியே நிற்கிறது” என்று அழுதிருக்கிறீர்கள். காரணம் இதுதான். உங்கள் கைப்பிசகு எதுவும் இல்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய பாக்கி இருக்கும் கார்டில் புதிதாக ஒரு கிலோ பருப்பு வாங்கினாலும் அதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வருமானம் ரூ.52,000. நீங்கள் எழுதிய வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து, பெட்ரோல், கரன்ட் பில் எல்லாம் சேர்த்து ரூ.35,500. மிஞ்சுவது ரூ.16,500. கட்ட வேண்டியதோ கார்டுகளுக்கு ரூ.15,200, தனிநபர் கடனுக்கு ரூ.6,200, போனுக்கு ரூ.2,150, சீட்டுக்கு ரூ.5,000, மொத்தம் ரூ.28,550. மாதம் ரூ.12,050 துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத்தான் கடையில் கார்டைத் தேய்த்து, இரண்டரை சதவீதம் கமிஷன் போக ரொக்கமாக வாங்கி அடைக்கிறீர்கள். அசலில் குறைந்த ரூ.1,748ஐக் கழித்தாலும், மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கடன் புதிதாக ஏறுகிறது. கார்டைத் தேய்த்து ரொக்கம் எடுப்பது கார்டு விதிகளுக்கு விரோதம். வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கி முழுத்தொகையையும் உடனே கேட்கலாம். இந்த மாதத்தோடு அதை நிறுத்துங்கள்.

ஆப்பில் ரூ.30,000 தருவதாக வந்த மெசேஜைப் பற்றியும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மெசேஜை அழித்துவிடுங்கள். உங்கள் போனிலுள்ள தொடர்பு எண்களையோ படங்களையோ கடன் ஆப்கள் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பதிவில்லாத ஆப்கள் அதை மதிப்பதில்லை. பிறகு உங்கள் படத்தையே உங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவார்கள்.

வாரண்ட், கைது, வாட்ஸ்அப் நோட்டீஸ்

கார்டு கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. அது சிவில் விவகாரம். பொய்யான ஆவணம் கொடுத்துக் கார்டு வாங்கியிருந்தால் ஏமாற்று வழக்கு வரலாம். நீங்கள் உண்மையான சம்பள ரசீது கொடுத்து வாங்கியவர். நீதிமன்றத்தில் வழக்கே இல்லாதபோது வாரண்ட் எங்கிருந்து வரும்? வாட்ஸ்அப்பில் வந்தது, வங்கியின் சார்பில் ஒரு வழக்கறிஞர் பணம் கேட்டு எழுதிய கடிதம். நீங்கள் அனுப்பிய படத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன்: வழக்கு எண் இல்லை, நீதிமன்றத்தின் பெயர் இல்லை. நாளை நீதிமன்ற சம்மன் என்று ஏதாவது வந்தால் அதை ஒதுக்கி வைக்கக் கூடாது. ஆஜராகாமல் விட்டால் உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பாகிவிடும்.

அப்படியே வங்கி வழக்குப் போட்டு ஜெயித்தாலும், பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ நீதிமன்றத்தால் முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பிடிக்கப்படாது. உங்கள் சம்பளத்துக்கு அதிகபட்சம் மாதம் சுமார் ரூ.11,000 வரை பிடிக்கலாம்; ஒரே தீர்ப்புக்காக 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. தாலியையும், சமையல் பாத்திரங்களையும், உடுதுணிகளையும் ஜப்தி செய்ய முடியாது. ஏஜென்டுக்கோ எதையும் ஜப்தி செய்யும் அதிகாரமே கிடையாது. ஜப்தி என்றால் நீதிமன்ற அமீனா உத்தரவோடு வர வேண்டும்.

கணவர் மீது கேஸ் வருமா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள். வராது. அவர் எந்தக் கடனிலும் கூட்டு விண்ணப்பதாரரும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை. கணவன் மனைவி என்பதற்காக ஒருவர் கடன் மற்றவர் தலையில் ஏறாது.

ஆனால் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். தனிநபர் கடன் தவணைக்கு உங்கள் கணக்கிலிருந்து தானாக எடுக்கும்படி ஆணை கொடுத்திருக்கிறீர்கள். போதிய பணம் இல்லாமல் அது திரும்பினால், செக் பவுன்ஸ் ஆனதைப் போலவே 2007ஆம் ஆண்டின் பணப்பரிமாற்ற முறைமைகள் சட்டம் 25ஆம் பிரிவில் குற்றவியல் வழக்குத் தொடர வழியிருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை. நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கு வராது. ஆகவே இறுக்கமான மாதத்தில் எதைத் தள்ளிப்போட்டாலும் அந்த ரூ.6,200ஐத் தள்ளாதீர்கள். இரண்டாவது கார்டு, உங்கள் சம்பளக் கணக்கு உள்ள அதே வங்கியுடையது. அந்தக் கார்டு பாக்கியானால் வங்கி உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே கைவைக்கும் ஆபத்து உண்டு. அதனால் அதை முதலில் முடிக்க வேண்டும்.

ஏஜென்ட் விஷயத்தில் நீங்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தார், நண்பர்கள் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் இட்ட உத்தரவு. ஏஜென்ட் செய்ததற்கு வங்கிதான் பொறுப்பு. அழைப்பு வந்த தேதி, நேரம், எண், பேசிய வார்த்தைகளைக் குறித்து, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இமெயில் அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் செய்யலாம். செலவில்லை, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் அது காவல்துறை புகாருக்குரிய குற்ற மிரட்டல்.

அவருடைய கூகுள் பே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அது உங்கள் கார்டுக் கணக்கில் வரவாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தோழியும் தம்பியும் சொன்னவை

தோழி சொன்னது ஒரு காலத்தில் பாதி உண்மை. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் தனியார் வட்டிக்காரர்களுக்கு எதிராக உதவும். வங்கிக் கார்டுக்கு எதிராக அதை நீட்ட முடியாது. நாற்பத்தைந்து சதவீத வட்டி நியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் கருத்து உங்கள் பாக்கியைக் குறைக்காது. சட்டம் இன்று எப்படி இருக்கிறதோ அப்படித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

தம்பி சொல்லும் ஐ.பி., அதாவது மஞ்சள் நோட்டீஸ், சினிமாவில் காட்டுவதுபோல ஒரு காகிதத்தை நீட்டிவிட்டுத் தப்பிக்கும் வேலை இல்லை. உங்கள் மாவட்டத்தில் அது 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் போடும் மனு. நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், சட்டம் விலக்கியவை தவிர உங்கள் சொத்து முழுவதும் நீதிமன்றம் நியமிக்கும் அதிகாரியின் கைக்குப் போகும். பிறகு விடுதலை கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும். சீட்டும், நகையும், நிரந்தர வேலையும் உள்ள உங்களுக்கு அது பொருந்தாது. எதுவுமே இல்லாமல், திருப்பிக் கட்டும் வழியும் இல்லாமல் போனவர்களுக்கு அது ஒரு கடைசிப் பாதுகாப்பு. அப்படிப்பட்டவர் வந்தால் நானே மனுப் போட்டுக் கொடுப்பேன்.

ரூ.22,000க்கு மூன்றாவது கார்டை முடிக்கும் பேச்சுக்கு வருகிறேன். வங்கியே எழுத்தில் கொடுத்தால் அது செல்லும், ரூ.26,000 மிச்சம். ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் “முடிந்தது” என்று வராமல் “சமரசத்தில் தீர்த்தது” என்று பதியும். அது பல ஆண்டுகள் நிற்கும். மகள் பத்தாவது படிக்கிறாள். மூன்று ஆண்டுக்குள் கல்விக் கடனுக்கு நீங்களோ கணவரோ கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதனால் முழுத்தொகையைக் கட்டி முடிப்பதே மேல் என்பது என் கருத்து. வங்கியிடம் தாமதக் கட்டணத்தையும் கடைசி இரண்டு மாத வட்டியையும் தள்ளுபடி கேட்டு எழுதுங்கள். மொத்தமாகக் கட்டுகிறேன் என்று சொல்பவருக்குப் பல நேரம் கொடுக்கிறார்கள்.

கையில் இருப்பதை வைத்து

உங்களிடம் சீட்டு இருக்கிறது. ஆரம் ஒன்று பீரோவில் இருக்கிறது; கூட்டுறவு வங்கியில் விசாரித்தபோது ரூ.1,20,000 வரை தருவதாகச் சொன்னார்களாம். இரண்டையும் தொட மாட்டேன், மகள் கல்லூரிக்கு வைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாய் மனதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் மகளுக்கென்று ஒரு பக்கம் மாதம் ரூ.5,000 சேர்க்கிறீர்கள், மறுபக்கம் ரூ.13,452 வட்டியாகப் போகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறீர்கள். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

சீட்டை இப்போது எடுத்தால் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) போக சுமார் ரூ.88,000 கிடைக்கும் என்று நிறுவனத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ரூ.16,000ஐத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மீதி ரூ.72,000. ஆரத்தின் மேல் ரூ.1,20,000. மொத்தம் ரூ.1,92,000. இதில் இரண்டாவது கார்டு ரூ.94,000 முடியும், மூன்றாவது ரூ.48,000 முடியும், மீதி ரூ.50,000 முதல் கார்டுக்குப் போகும். அங்கே ரூ.1,12,000 நிற்கும். அந்தக் கார்டுக்கு நீங்கள் ஒழுங்காகக் கட்டி வருவதால், பாக்கியை 36 மாத இஎம்ஐயாக மாற்றித் தரும்படி கேளுங்கள். 16 சதவீத வட்டியில் கிடைத்தால் ஜிஎஸ்டியோடு மாதம் சுமார் ரூ.4,200. பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். ஒருமுறை இஎம்ஐ ஆனபின் அந்தக் கார்டை எதற்கும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

புதிய மாதக் கணக்கு: கார்டு இஎம்ஐ ரூ.4,200, நகைக்கடன் வட்டி பத்து சதவீதம் என்றால் ரூ.1,000, தனிநபர் கடன் ரூ.6,200, போன் ரூ.2,150, சீட்டு ரூ.5,000. மொத்தம் ரூ.18,550. உங்கள் கையில் ரூ.16,500. இன்னும் ரூ.2,050 குறைகிறது, ஆனால் ஐந்து மாதத்துக்கு மட்டும். தனியாக வைத்த ரூ.16,000 அதற்குத்தான். போன் தவணை முடிந்ததும் செலவு வருமானத்துக்குள் வந்துவிடும். எட்டு மாதத்தில் சீட்டும் முடிந்தால் மாதம் ஐந்தாயிரம் கையில் நிற்கும். அதை அப்படியே நகைக்கடன் அசலுக்குக் கட்டினால், அதிலிருந்து இரண்டு ஆண்டில் ஆரம் வீட்டுக்கு வந்துவிடும், அதாவது மகள் பிளஸ் டூ முடிக்கும் நேரத்தில். இடையில் ஆண்டுக்கு ஒருமுறை வட்டியைக் கட்டி நகைக்கடனைப் புதுப்பிக்கத் தவறாதீர்கள். விட்டால் ஏலத்துக்குப் போகும் அபாயம் நிஜமானது. ஜாமீனில்லாத கடனை நகையின் மேல் ஏற்றும்போது நீங்கள் ஏற்கும் ஆபத்து அதுதான். இதே காரணத்தால்தான் வேறு ஒருவர் வீட்டை அடமானம் வைத்துக் கார்டு கடனை அடைக்கலாமா என்று கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

முடித்த இரண்டு கார்டுகளையும் மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.500 வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பாக்கியில்லாச் சான்று வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம்.

கணவரிடம் சொல்வது

இந்தத் திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எடுத்த சீட்டுக்கு நிறுவனம் ஜாமீன் கேட்கும். சம்பளக்காரரான கணவர்தான் இயல்பான ஜாமீன். ஆரம் பீரோவில் இல்லையென்றால் மாமியார் கேட்பார். கணவரிடம் சொல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது. நீங்கள் சீட்டையும் ஆரத்தையும் தொடாமல் இருந்ததற்கு மகளின் படிப்பு ஒரு காரணம் என்றால், தொட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்ற பயம் இன்னொரு காரணம் என்று கடிதத்தைப் படிக்கும்போது எனக்குப் பட்டது. அந்த மறைப்புக்கு நீங்கள் மாதாமாதம் பத்தாயிரம் ரூபாய் விலை கொடுக்கிறீர்கள்.

எல்லாப் பெண்களிடமும் “கணவரிடம் சொல்லிவிடுங்கள்” என்று நான் சொல்வதில்லை. அடிக்கிற கணவர் என்றால் யோசனையே வேறு. நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தேன்: “அவர் கை ஓங்கியதில்லை. அப்பா வைத்தியத்துக்கு நான் பணம் புரட்டியதை நினைத்து இன்றும் கண் கலங்குவார். அதனாலேயே சொல்ல வாயெழவில்லை.” சகோதரி, அந்த மனிதர் தன் அப்பாவுக்கு ஆன செலவை நீங்கள் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருப்பது தெரியாமல் இருக்கிறார். அவருக்குக் கோபம் வரலாம். கடன் வாங்கியதற்கு வரும் கோபத்தைவிட நான்கு ஆண்டு சொல்லாமல் வைத்திருந்ததற்கு வரும் வருத்தம் பெரிதாக இருக்கலாம். அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். கடனுக்காகக் கேட்க வேண்டியதில்லை.

வாயால் சொல்லத் தொடங்கினால் அழுகையில் பாதி நின்றுவிடும். ஒரு தாளில் கார்டு வாரியாகப் பாக்கி, வட்டி, தவணை, மேலே நான் போட்ட புதிய கணக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு வாராந்திர விடுமுறை நாளில், பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து அந்தத் தாளைக் கையில் கொடுத்துப் பேசுங்கள். எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். கமிஷனுக்குக் கார்டு தேய்த்தது உட்பட எல்லாம் இருக்கட்டும். பாதியை இப்போதும் மீதியைப் பிறகும் சொன்னால் இரண்டாவது முறை நம்ப மாட்டார்.

பேசவே முடியவில்லை என்றால், அல்லது வங்கியோடு கடிதம் எழுத ஆள் வேண்டும் என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நாளை வங்கியிலிருந்து மக்கள் நீதிமன்ற அழைப்பு வந்தாலும் பதற வேண்டாம். அது சமரசத்துக்கான அழைப்பு. பிடிக்காத தொகைக்குச் சம்மதிக்க யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அங்கே கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்ட முடியும் என்று உறுதியாகத் தெரிந்த தொகைக்கு மட்டும் கையெழுத்திடுங்கள்.

அடுத்த சீட்டு ஏலம் என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பாவது கணவரிடம் பேசிவிடுங்கள், ஜாமீன் காகிதங்களுக்கு நேரம் பிடிக்கும். ஏலத்தில் தள்ளு அதிகமாகி ரூ.80,000க்குக் கீழே போவதாக இருந்தால் அந்த மாதம் கேட்காமல் விட்டு, அடுத்த மாதம் எடுங்கள். அதுவரை ஆரத்தை வைத்து வரும் பணத்தில் இரண்டாவது கார்டை முடித்துவிட்டு, மீதி ரூ.26,000ஐ மூன்றாவது கார்டுக்கு, வங்கியின் இணையதளம் வழியாக, கார்டு கணக்கிலேயே நேரடியாகக் கட்டுங்கள்.